வல்லாரை: பிரான்சுக்குப் போய்த் திரும்பி வந்த கீரை

போன ஏப்ரலில் பேத்தி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். புதுவை வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே கன்னம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குரு. பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை டியூபை எடுத்துப் பூசிக்கொண்டாள்.

"என்னம்மா அது?" என்றேன்.

"சிக்கா கிரீம் தாத்தா. தோல் எரிச்சலுக்கு ரொம்ப நல்லது. அங்கே எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டியூபின் பின்பக்கத்தைப் படித்தேன். எத்தா சிவில் பிரிவில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் படித்தே வேலைக்காலம் முழுவதும் கழித்தவன் நான். பொடி எழுத்து எனக்குப் புதிதல்ல. தண்ணீர், கிளிசரின் என்று போன பட்டியலின் நடுவே ஒரு பெயர் இருந்தது: சென்டெல்லா ஆசியாட்டிக்கா.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். காலையில் பெரிய மார்க்கெட்டில் பத்து ரூபாய்க்கு வாங்கிய கீரைக் கட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். "இதுதானம்மா அது. வல்லாரை" என்றேன். அவள் நம்பவில்லை. செல்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். டியூபின் விலை பன்னிரண்டு யூரோ என்றாள். அப்போது நான் சிரித்தேன்.

ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வல்லாரை என்றதும் என் சின்னத் தாத்தாவின் கைகள்தான் ஞாபகம் வந்தன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தக் கீரை நம் ஊரிலிருந்து எப்படிப் புறப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பேத்தி கணினியில் பாரிஸ் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். படித்த பிரெஞ்சு இந்த வயதில் இதற்காவது உதவியது.

வல்லாரை நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை, வயல் வரப்பு என்று ஈரம் காயாத இடத்தில் தரையோடு படர்ந்து கிடக்கும். ஐரோப்பியரில் லின்னேயஸ் 1753இல் அதற்கு ஹைட்ரோகாட்டைல் ஆசியாட்டிக்கா என்று பெயரிட்டார். 1879இல் உர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் அதை சென்டெல்லா என்று மாற்றினார்.

1852இல் மொரீசியஸில் புவாலோ என்ற மருத்துவர், இந்தச் செடி தொழுநோய்க்குப் பயன்படும் என்று கவனப்படுத்தினார். மொரீசியஸ் அப்போது ஆங்கிலேயரிடம் போய்விட்டிருந்தாலும் பேச்சும் எழுத்தும் பிரெஞ்சுதான். நம் புதுவைத் தமிழர்கள் அதற்கு நூறு வருடம் முன்பிருந்தே கொத்தனாராகவும் தச்சராகவும் அங்கே போய்க் குடியேறியிருந்தார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது புதுச்சேரியில் லெப்பின் என்றொரு மருந்தாளர் இருந்தார், பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்தவர். தொழுநோய்க்கு மருந்து என்று பேசப்பட்ட செடி அவர் இருந்த ஊரிலேயே கீரையாக விற்றது. அதை வாங்கி உலர்த்திப் பகுத்துப் பார்த்தார். எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. பச்சை வல்லாரையின் அதே வாசம், அதே சுவை. சூடேற்றினால் ஆவியாகாது. சாராயத்தில் கரையும். உலர்ந்த செடியில் நூற்றுக்கு 0.8 முதல் 1 பங்கு வரை தேறியது. வியாதியைக் குணமாக்கும் சத்து இதுதான் என்று கருதி, 1855இல் பாரிசின் மருந்தியல் இதழில் கட்டுரை எழுதினார். அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'வெல்லாரின்'.

இந்தப் பெயரைப் படித்தபோது என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ அவர் பெயரெடுக்கவில்லை. நம் ஊர்க் கீரைக்காரி கூவிய 'வல்லாரை'யிலிருந்துதான் எடுத்தார். ஒரு தமிழ்ச் சொல் வேதிப்பொருளின் பெயராகிக் கப்பலேறியது.

அதே 1855இல் சென்னையில் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹன்டர் என்பவர் நோயாளிகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்தார். அவருடைய முடிவு சுருக்கமானது. உடல்நிலை சற்றுத் தேறுகிறது, சில அறிகுறிகள் தணிகின்றன, ஆனால் தொழுநோயை இது குணமாக்காது. லெப்பினின் வெல்லாரினும் நிலைக்கவில்லை. அடுத்த தலைமுறை மருந்தியல் நூல்கள், இதை எந்த வகைப் பொருளில் சேர்ப்பது என்றே விளங்கவில்லை என்று எழுதிவிட்டன.

ஆக, ஒரே வருடத்தில் புதுச்சேரியில் ஒரு நம்பிக்கை பிறந்தது, சென்னையில் அதற்குப் பதிலும் கிடைத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே நூறு மைல். ஆனால் நம்பிக்கைதான் எங்கள் வீடு வரை வந்தது. பதில் வரவில்லை.

இனி சின்னத் தாத்தா.

அவர் என் ஆயாவின் தம்பி. நொத்தேர் அலுவலகத்தில் பத்திரம் நகலெடுப்பவராக வேலை பார்த்தவர். பிரெஞ்சு எழுத்தை அச்சுப் போல எழுதுவார். வீடு, மனை விற்பவர்கள் "அவரே எழுதட்டும்" என்று கேட்டு வாங்குவார்களாம். அந்தக் கைகளை நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது, 1956, 57 வாக்கில், அவர் எங்கள் வீட்டின் பின்கட்டில் கிணற்றடிக்குப் பக்கத்து அறையில் இருந்தார். விரல்கள் மடங்கிப் போயிருந்தன. சில விரல்களில் நுனி இல்லை. அவருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த அறைக்கதவு சாத்தப்படும். 'பெருநோய்' என்ற வார்த்தையை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. "அவருக்கு உடம்பு சரியில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

தினமும் காலையில் ஆயா வல்லாரையை அரைத்துச் சாறு பிழிந்து, ஒரு டம்ளர் அவருக்குக் கொடுப்பாள். அரைத்த விழுதைப் புண்ணில் வைத்துக் கட்டுவாள். கீரை பறித்து வருவது என் வேலை. அப்போது ஊரைத் தாண்டினால் எல்லா வாய்க்கால் ஓரமும் வல்லாரைதான். பையை நிரப்பிக்கொண்டு வருவேன். மீந்ததை ஆயா துவையல் அரைப்பாள். உளுந்தும் காய்ந்த மிளகாயும் நல்லெண்ணெயில் வறுத்து, கீரையை வதக்கி, துளி புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைப்பது. "தின்னுடா, ஞாபகசக்தி வரும்" என்பாள். பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்யவேண்டிய காலம் அது. துவையலால் வந்ததோ, வாத்தியாரின் பிரம்பால் வந்ததோ, அவை இன்றும் மறக்கவில்லை.

சின்னத் தாத்தாவின் புண்கள் சில சமயம் உண்மையாகவே ஆறின. ஆயா மகிழ்ந்து போவாள். "பார், சதை கூடியிருக்கிறது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். மறு மாதம் வேறொரு விரலில் புண் வரும். உணர்ச்சி இல்லாத கை. சூடான பாத்திரத்தைத் தொட்டால் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். 1961இல் காலமானார். கடைசி வருடங்களில் என் கையைப் பிடிக்காமல், எதிரில் உட்கார்த்தி வைத்து வாய்மொழியாகவே எழுத்துப் பயிற்சி கொடுத்தார். "பெரிய எழுத்தின் வளைவில் பேனாவை அழுத்தாதே" என்று அவர் சொன்னதைப் பதிவேடு எழுதிய காலம் முழுதும் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வலிப்பது இதுதான். தொழுநோய் கிருமியால் வருவது என்று நார்வேயில் ஹான்சென் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். பெரும்பாலானோர் உடலுக்கு அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. 1940களின் நடுவில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் என்ற மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். எங்கே? அமெரிக்காவிலோ பாரிசிலோ அல்ல, நம் செங்கற்பட்டில். பிறகு அது மலிவான மாத்திரையாக வந்தது. 1955இல் இந்திய அரசு தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தையே தொடங்கிவிட்டது. புதுச்சேரியில் ரயில் ஏறி விழுப்புரத்தில் வண்டி மாறினால் அரை நாளில் செங்கற்பட்டு. 1954 நவம்பருக்குப் பிறகு எல்லையில் சுங்கச் சோதனைகூட இல்லை. நாங்கள் அவரை அழைத்துப் போகவில்லை. வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்களுக்குக் கல்யாணம் ஆகாது என்ற பயம். வல்லாரை இருக்கிறதே என்ற சமாதானம். போன விரல் திரும்பாது என்றாலும், மிச்சம் இருந்தவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

இலையின் மேல் குற்றமில்லை. அது செய்யக்கூடியதைச் செய்தது. புண்ணை ஆற்றியது. ஆயா கண்ணால் கண்டது பொய்யல்ல என்று இப்போது தெரிகிறது. லெப்பின் விட்ட இடத்திலிருந்து வேறு பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் வேலை தொடர்ந்தது. மடகாஸ்கரில் கிடைத்த வல்லாரையிலிருந்து 1941இல் போந்தெம் என்ற வேதியியலார் ஆசியாட்டிகோசைட் என்ற பொருளைப் பிரித்தார். அங்கேயும் முதலில் தொழுநோய்க்குத்தான் முயன்றார்கள். பிறகு புவாத்தோ என்ற பிரெஞ்சுக்காரரும் ரத்சிமமங்கா என்ற மடகாஸ்கர் மருத்துவரும் புண் ஆற்றும் குணத்தை ஆராய்ந்தார்கள். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் என்ற நார்ப்பொருளைச் செய்யும் செல்களை இது தூண்டுகிறது. அந்த நார்தான் புண்ணில் புதுச்சதையைத் தாங்கிப் பிடிப்பது. இப்படி வந்த மருந்துக்கு மதெக்காசோல் என்று பெயர். மதெக்காஸ் என்பது மடகாஸ்கர்காரரைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். 1970இல் அது கொரியாவுக்குப் போய், வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் காயக் களிம்பாயிற்று. அங்கிருந்து அழகுப் பொருளாகி உலகமெல்லாம் 'சிக்கா' ஆனது. சிக்காத்ரிஸ் என்றால் பிரெஞ்சில் தழும்பு. கொரியர்கள் புலி தன் காயத்தை ஆற்ற இந்தச் செடியில் புரளும் என்று கதை சொல்லி விற்கிறார்கள். லெப்பின் வைத்த தமிழ்ப் பெயர் மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

அப்படியானால் பன்னிரண்டு யூரோ கொடுத்துப் பூசலாமா, பத்து ரூபாய்க் கீரையைத் தின்றால் போதுமா? பேத்தியும் இதைத்தான் கேட்டாள். இரண்டும் வேறு வேறு வேலை என்றேன்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, வகுப்பில் சில பையன்களுக்கு முழங்கையும் முழங்காலும் தேரையின் முதுகு போலச் சொரசொரப்பாக இருக்கும். அழுக்கு என்று வாத்தியார் திட்டுவார். தேய்த்துக் குளித்தாலும் போகாது. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933இலேயே இதை விவரித்து, தேரைத்தோல் என்ற பொருளில் கிரேக்கப் பெயரும் வைத்திருந்தார். வைட்டமின் ஏ குறைவு என்று முதலில் நினைத்தார்கள். உணவில் எண்ணெய் போதாததும், பி வகை வைட்டமின்கள் குறைவதும் சேர்ந்த கோளாறு என்று பின்னால் தெரிந்தது. கீரையும் கொஞ்சம் நல்லெண்ணெயும் தினமும் சோற்றில் சேர்ந்தால் சரியாகிவிடக்கூடியது. களிம்பு எதுவும் அதைச் செய்யாது. ஈழத்தில் வல்லாரையைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துச் சம்பலாக இன்றும் சாப்பிடுகிறார்கள். அதற்காகக் கீரையைச் சத்து மாத்திரையாக்கிக் கணக்கில்லாமல் விழுங்கக்கூடாது. வல்லாரை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் கெட்டதை 2005இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது.

அடுத்தது பூசுவது. 1975இல் சிவப்பழகு கிரீம் கடைக்கு வந்த நாள் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். பெயர் போனாலும் ஆசை போகவில்லை. எங்கள் உறவில் ஒரு பெண், கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து யாரோ சொன்ன கிரீமை ராத்திரியில் பூசிக்கொண்டாள். முதல் மாதம் முகம் பளபளத்தது. நிறுத்தினால் சிவந்து எரிந்தது. அதனால் நிறுத்தவில்லை. கல்யாண வாரத்தில் முகமெல்லாம் பரு, மெல்லிய ரத்தக்குழாய்கள் கோடுகோடாக, கன்னத்தில் முடி. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று தோல் மருத்துவர்தான் சொன்னார். சரியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்படிப்பட்ட 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணையிட்டது. கேரளத்தில் மலப்புரம் பக்கம், பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை 2023இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தோலில் பூசுவது தோலோடு நிற்பதில்லை. சிக்கா கிரீம் இவற்றோடு சேர்ந்ததல்ல. எரிச்சலை ஆற்றும், ஈரத்தைக் காக்கும். அதைத் தாண்டி அது நிறத்தை மாற்றும், வயதைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், லெப்பின் காலத்து ஆசை திரும்பி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இருக்கும் இடம். கடலோர ஊர். வெயில், வேர்வை, உப்புக்காற்று, பல தெருக்களில் கிணற்று நீரும் உப்பு. பேத்திக்கு வந்த வேர்க்குரு பருத்திச் சட்டையிலும் இரண்டு வேளைக் குளியலிலும் அடங்கியது. ஆனால் இடம் கெட்டால் கீரையும் கெடும். சிறுவனாக நான் வல்லாரை பறித்த வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன். இன்றைக்கு அது சாக்கடை. ஓரத்தில் அப்போதும் வல்லாரை படர்ந்திருந்தது, முன்னைவிடச் செழிப்பாக. தொடவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இந்தச் செடி இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மலேசியாவில், ஓர் இடம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளப்பதற்கே வல்லாரையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் கீரை வாங்கும்போது எந்த ஊர்க் கீரை என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு தொட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. மாடியில் நான் வைத்திருக்கிறேன். நிழலும் தண்ணீரும் போதும்.

கடைசியாக ஒன்று. 1980களின் கடைசியில் என்னோடு வேலை பார்த்த பியூன் ஒருவர், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையோடு வருவார். ஒருநாள் பதிவேட்டுக் கட்டை இறக்கும்போது சட்டை மேலேறியது. முன்கையில் ரூபாய் நாணய அளவு வெளிறிய தேமல். அதன்மேல் காய்ந்த பச்சை விழுது. வாசனையிலேயே தெரிந்தது. அருகில் போய்ப் பேனா முனையால் மெதுவாகத் தொட்டேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலை கடற்கரையில் உட்கார்ந்து, முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத சின்னத் தாத்தாவின் கதையை அவரிடம் சொன்னேன். மறுநாள் இருவரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. ஆரம்ப நிலை என்பதால் ஆறே மாதம், செலவில்லாமல். வீட்டுக்குக்கூடத் தெரியாது. அவர் பணி முடித்து ஓய்வுபெற்ற நாளில் பென்ஷன் தாள்களை நான்தான் நீட்டினேன். பத்து விரலும் முழுசாக இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

2005 டிசம்பரோடு, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் இந்தியாவில் ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். நிறம் வெளிறி, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் யாருக்காவது இருந்தால், வல்லாரையும் வேண்டாம், சிக்காவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து இலவசம்.

மற்றபடி துவையலுக்கு வல்லாரை நல்ல கீரைதான். பேத்தி ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் அரைத்துக் கொடுத்தேன். டியூபை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். குதிகால் வெடிப்புக்குப் போடுகிறேன். பரவாயில்லை, கேட்கிறது.